விரலால் பொறி பார்ப்பவர்

சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொள்வார். இன்ஜினின் தலையிலிருந்து பொறி கக்கும் பிளக்கைக் கழற்றி இரும்பின் மேல் சாய்த்துவிட்டு, அதற்குப் போகும் ரப்பர் ஒயரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, குழந்தையின் காதைப் பிடிப்பதுபோல் பிடித்திருப்பார். பழைய ஒயர்களில் ரப்பர் லேசாக வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் கசிகிற மின்சாரம் அவருக்குப் போதும். "எறும்பு வரிசையா ஏறுனா, பொறி குடுக்குற காயில் நல்லாருக்கு. ஒத்த எறும்பு விட்டு விட்டுக் கடிச்சா பாயின்ட் தேஞ்சிருக்கு. எறும்பே வரலையா, காயில் காலி. அவ்ளோதான் படிப்பு" என்பார்.

புல்வெட்டும் எந்திரம், தண்ணீர் பம்பு, தோட்டத்தில் ஓடும் குட்டி டிராக்டர் என்று சின்ன இன்ஜின்களுக்கு மட்டுமே வைத்தியர். ஊர் வைத்த பெயர் 'தொட்டுப்பார்'. பொறி வருகிறதா என்று காட்ட, பல்பு வைத்த டெஸ்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அதை வாங்கச் சொன்னவர்களிடம் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கரண்டு இருக்குன்னு பல்பு சொல்லும். எப்படி இருக்குன்னு சொல்லுமா?"

இன்னொரு பழக்கமும் உண்டு. தன்னைவிட வயதில் மூத்த இன்ஜினை வாங்க, போங்க என்றுதான் பேசுவார். இளையவை எல்லாம் 'டா'. நாற்றுப்பண்ணை நடத்தும் அம்மாவின் டிராக்டர் அவரைவிட இரண்டு வயது மூத்தது. "என்னங்க, காலைலயே முரண்டு பண்றீங்க?" என்று அதனிடம் அவர் குனிந்து கேட்கும்போது, செடித்தொட்டி சுமக்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

போன வருடத்திலிருந்து ஸ்க்ரூக்கள் அவர் கையிலிருந்து நழுவத் தொடங்கின. "இப்பல்லாம் ஸ்க்ரூவ பொடிசா பண்றானுங்க" என்று கம்பெனிக்காரர்களைத் திட்டினார். பிறகு சட்டைப் பட்டன் மாட்ட மறுத்தது. தையல்காரரைத் திட்டினார். கடைசியில் பட்டனே இல்லாத பனியன் சட்டைக்கு மாறினார். "மாப்பிள்ளைக்கு வயசு திரும்புதோ?" என்று மனைவி கிண்டலடித்தாள். அவரும் கண்ணாடி முன் நின்று தலையைக் கோதிக்காட்டினார்.

மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டிருந்தார். சர்க்கரை நரம்பைத் தின்கிறது; முதலில் கால், பிறகு விரல் நுனி; போன உணர்ச்சி திரும்புவது கஷ்டம். வீட்டுக்கு வந்தவர், "எல்லாம் சரியா இருக்காம்" என்றார். மருத்துவர் எழுதிக்கொடுத்த தாளை நான்காக மடித்து, கருவிப்பெட்டியில் வாஷர் தட்டுக்கு அடியில் வைத்தார். விரல் போய்விட்டால் தன்னை யார் கூப்பிடுவார்கள் என்பதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. தன்னிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு திங்கட்கிழமை அந்த டிராக்டர் நின்றது. வரிசைகளுக்கு நடுவே மண்ணையும் தொட்டிகளையும் இழுத்துப்போக அதை விட்டால் வேறு வண்டி நுழையாது. அவர் கண்ணை மூடி ஒயரைப் பிடித்தார். பண்ணை அம்மா சாவியைத் திருப்பினாள். இன்ஜின் உறுமிச் சுற்றியது. எறும்பு வரவில்லை.

"காயில் போயிடுச்சும்மா."

"நல்லாப் பாருங்கண்ணே."

"கை பாத்தாச்சு. அப்புறம் என்ன நல்லாப் பாக்குறது?"

பெட்ரோல் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பது எந்த மெக்கானிக்குக்கும் முதல் வேலை. ஆனால் விரல் ஒன்றைச் சொல்லிவிட்டால் அவர் வேறு எதையும் கேட்பதில்லை. மூன்று ஊர் அலைந்து பழைய காயில் ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தார். மாட்டினார். எறும்பு வரவில்லை. கண்டன்சரை மாற்றினார். பாயின்ட்டைத் தேய்த்தார், இடைவெளியை அட்டை வைத்து அளந்தார். வரவில்லை. வியாழக்கிழமை காலை பண்ணை அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பழைய இரும்புக்காரர நாளைக்கு வரச் சொல்லிட்டேண்ணே. உங்க மேல குறை இல்ல. அதுக்கும் வயசாயிடுச்சில்ல."

அவர் டிராக்டரின் மூக்கைத் துணியால் துடைத்தார். "மன்னிச்சுக்கோங்க" என்றார். அம்மாவிடமா, வண்டியிடமா என்று தெரியவில்லை.

அன்று மதியம் சாப்பிட வராத கணவரைத் தேடி, பிளாஸ்க்கில் டீயோடு மனைவி பண்ணைக்கு வந்தாள். கொட்டகையில் வேறு யாரும் இல்லை. பண்ணை அம்மா வாசலில் செடி வாங்க வந்தவர்களோடு இருந்தாள். அவர் டிராக்டரின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "இந்த ஒயர் பெல்ட்டுல போய் மாட்டுது. கொஞ்சம் தள்ளிப் பிடி."

"ஷாக் அடிக்காதுல்ல?"

"நாலு நாளா செத்துக் கெடக்குற ஒயர். பிடி."

பிடித்தாள். அவர் சாவியைத் திருப்பினார்.

"ஐயோ!" என்று கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். "கடிக்குதுங்க!"

"என்ன கடிக்குது?"

"இதுதான். சுருசுருன்னு, எறும்பு வரிசையா ஏறுன மாதிரி."

அவர் சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை. வெயிலில் தகரக் கூரை விரிந்து டக்கென்று ஒரு சத்தம் போட்டது. "இன்னொரு தடவ பிடி" என்றார். அவள் முறைத்தாள். ஆனாலும் இரண்டு விரலால் தொட்டாள். மறுபடியும் உதறினாள். "எனக்கு என்ன தலையெழுத்து? நீங்களே வந்து பிடிங்க. சாவிய நான் திருப்புறேன்."

இடம் மாறினார்கள். அவர் ஒயரைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் போனது.

"ஆமா" என்றார். "இருக்கு. லேசா வருது."

கண்ணைத் திறந்தார். மனைவி இருக்கையில் உட்கார்ந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னும் சாவியத் திருப்பவே இல்லீங்க."

அவர் ஒயரைக் கீழே வைத்தார். அதை வைக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. அவள் இறங்கி வந்து அவர் வலது கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் நுனியை நகத்தால் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். அவர் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. "எத்தன நாளா?" என்றாள். "ஒரு வருசம் இருக்கும்" என்றார்.

பொறி வருகிறதென்றால் மிச்சம் பெட்ரோல்தான். பிளக்கை மாட்டிவிட்டு, பெட்ரோல் தொட்டிக்குக் கீழே, வரும் பெட்ரோலை வடிகட்டும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினார்கள். அடியில் தண்ணீர், ஒரு கோலிகுண்டு அளவுக்கு. பெட்ரோலுக்குக் கீழே தனியாக, தெளிவாக உட்கார்ந்திருந்தது. திங்கட்கிழமையே கண்ணில் பட்டிருக்க வேண்டியது. கொட்டித் துடைத்தார்கள். திரும்ப மாட்டும்போது சின்ன நட் அவர் விரலில் நிற்காமல் இரண்டு முறை மண்ணில் விழுந்தது. மூன்றாவது முறை அவளே குனிந்து எடுத்து, அவளே முடுக்கினாள்.

இரண்டாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கருப்புப் புகை இருமி, பிறகு சீரானது. பண்ணை அம்மா மண்ணான கையோடு ஓடிவந்தாள். "நான்தான் சொன்னேன்ல! உங்க கை தொட்டா போதும்ணே! கைராசின்னா இதுதான்!" இரும்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்ல அங்கேயே போனை எடுத்தாள். அவர் தலையாட்டினார். வண்டியிடம் எதுவும் பேசவில்லை.

கொட்டகை ஓரத்தில் கவிழ்த்த தொட்டிகளின் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் டீ ஊற்றி நீட்டினாள். ஆவி பறந்தது. அவர் அதை முழு உள்ளங்கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு, டிராக்டரையே பார்த்தபடி இருந்தார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். டம்ளரை அவரிடமிருந்து வாங்கி, சேலை முனையில் பொதிந்து, குடிக்கிற சூட்டுக்கு வரும்வரை தன் கையிலேயே வைத்திருந்தாள்.