கவரோடு நட்ட கன்றுகள்

எங்கள் வீட்டில் அருமையான பொருளெல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள்தான் இருக்கும். ரேஷன் கார்டு, தீப்பெட்டி, என் பள்ளிக்கூடப் புத்தகங்கள். ஜவ்வாது மலையில் மழைக்கு ஒழுகாத கூரை ஏது? அதனால் ஒன்பது வயதில் நான் செய்த காரியத்தை முழு முட்டாள்தனம் என்று சொல்ல இன்னும் எனக்கு மனம் வரவில்லை.

நாள்கணக்கில் தூறிக்கொண்டிருந்த மழை ஒரே மூச்சில் கொட்டப் பழகிய காலம் அது. மேலே இருந்த மொட்டைச் சரிவு வருஷா வருஷம் கரைந்து எங்கள் சாமைக் கொல்லைக்குள் இறங்கியது. மரம் வைத்தால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று ஆலங்காயத்திலிருந்து வந்த வனத்துறைக்காரர்கள் சொன்னபோது ஊரே சிரித்தது. அப்பா மட்டும் கறுப்புக் கவர்களில் வளர்ந்த கன்றுகளை ஒரு வண்டி நிறைய இறக்கிக்கொண்டார். மேல் வரிசை என் பொறுப்பு.

“கவரக் கிழிச்சிட்டு வையி பாப்பா,” என்றார்.

முதல் கன்றின் கவரைக் கிழித்ததும் மண் உதிர்ந்து, வேர் அறுந்து கையோடு வந்துவிட்டது. பயந்துபோனேன். மீதிக் கன்றுகளையெல்லாம் கவரோடே பத்திரமாகக் குழியில் இறக்கி மூடினேன். கரையானும் அண்டாது என்று பெருமை வேறு.

மூன்று வருஷத்தில் அவை என்னைவிட உயரமாகிவிட்டன. சிரித்தவர்களெல்லாம் தங்கள் சரிவுகளுக்கும் கன்று கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். பெரியப்பாவும் கொடுத்தார்.

அந்த ஐப்பசியில் ஒரே ஒரு மழை. விடிந்து பார்த்தால் மேல் வரிசை பெயர்ந்து, கீழ் வரிசைகளையும் அடித்துக்கொண்டு, அறுப்புக்கு நின்ற சாமையின் மேல் கல்லும் சேறுமாகக் கிடந்தது. அப்பா ஒரு மரத்தைப் புரட்டினார். மண்ணில் இறங்காமல் கறுப்புக் கவருக்குள்ளேயே வேர்கள் சுருண்டு கிடந்தன. என்னைப் பார்த்தார். ஊரார் ஏறி வருவதற்குள் மரம் மரமாகப் போய்க் கவர்களை அறுத்தெடுத்துச் சேற்றில் மிதித்துப் புதைத்தார்.

“இன்னாடா, மரம் மண்ணப் புடிச்சிக்கும்னியே?” என்றார் பெரியப்பா.

“அதெல்லாம் சும்மாண்ணா. நீயும் வெக்காத,” என்றார் அப்பா.

இரண்டு வருஷம் கழித்துப் மரம் வைக்காத பெரியப்பாவின் சரிவு அவர் வீட்டின் மேல் இறங்கியது. பெரியம்மாவை வெளியே எடுக்க ஒரு பகல் ஆயிற்று. அதற்குப் பிறகும் அப்பா உண்மையைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வெட்கம் என்னை விட்டுப் போகாது.

ஆனால் கொல்லை போன மறுவாரம் ஊருக்குக் கன்று வண்டி வந்ததே, அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஒருவரும் ஒரு கன்றைக்கூட இறக்கவில்லை. வண்டி வந்தபடியே திரும்பியது. அப்பாவிடம் அடி வாங்காமல் தப்பித்துவிட்ட சந்தோஷத்தில், அது வளைவில் மறையும்வரை கையாட்டிக்கொண்டே பின்னால் ஓடினேன்.