எங்களுக்கு வைக்காத கூறு

கண்ணுகளா, ஒரு வருஷம் நம் வீட்டுக்குக் கோயில் கறி வரவில்லை. அப்பனுடைய கஞ்சத்தனம்தான் காரணம் என்று யாரோ சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து மூத்தவள் அழுதாள். சின்னவன் அப்போது இடுப்புப் பிள்ளை, அவனுக்கு நினைவிருக்காது. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் நிஜம். எட்டாவதோடு நின்றவன் எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திப் படியுங்கள்.

நம் ஊரில் தனி அடுப்பு வைத்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு தலைக்கட்டு. கோயிலில் ஆடி நோம்பி கொண்டாட எல்லாத் தலைக்கட்டும் ஒரே வரிதான் கொடுக்கும். காப்பித் தோட்டம் உள்ளவருக்கும் அதே வரி, கூலிக்குப் போகிறவருக்கும் அதே வரி. கிடா வெட்டியதும் எத்தனை தலைக்கட்டோ அத்தனை வாழையிலை விரித்து, சமமாகக் கூறு போடுவார்கள். கறி என்ன பெரிய கறி, ஆளுக்கு நாலு துண்டு. ஆனால் கூறு வைத்தால்தான் நீ ஊர்க்காரன். வைக்காத வீட்டில் எழவு விழுந்தாலும் நாலு பேர் வரத் தயங்குவார்கள்.

தொண்ணூற்றொன்பதில் வடக்கே மலை உச்சியில் சண்டை நடந்தது. நம் பஞ்சாயத்து டிவி முன்னால் தினமும் கூட்டம். ஆனி மாசக் கடைசியில் கோயில் முன்னால் ஊர் கூடியபோது, இந்த வருஷம் நோம்பி வரியோடு சண்டைக்கும் சேர்த்து வசூலிப்பது, அதைக் கொண்டுபோய் நாமக்கல்லில் கலெக்டர் ஆபீசில் கொடுப்பது என்று ஊர்க்கவுண்டர் சொன்னார். எல்லோரும் சரி என்றார்கள். நான் நோம்பிப் பங்கை மட்டும் தட்டில் வைத்தேன்.

"மிச்சம் எங்க மாப்ள?" என்றார் ஊர்க்கவுண்டர். அவர் எனக்கு மாமா முறை.

"நோம்பிக்குத் தர்றேனுங்க மாமா. சண்டைக்குத் தர முடியாதுங்க. செத்தவங்க ஊட்டுக்குன்னு தனியாக் கேளுங்க, குடுக்கறேன். குண்டு வாங்க என் கையால குடுக்க மாட்டனுங்க."

யாரோ பின்னாலிருந்து, "நீ பத்த வெக்கிற தீப்பெட்டியிலயும் வரி இருக்குது. அதுவும் குண்டுக்குத்தான் போவுது. பீடிய நிறுத்திப்புட்டியா?" என்று கேட்டான். ஊரே சிரித்தது. எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது, கேள்வி நியாயமான கேள்விதானே.

"கேக்காம எடுத்துக்கறத நான் எப்படித் தடுக்க முடியும்? எங்கிட்டக் கேட்டு வாங்கறதுக்குத்தான் இல்லைங்கறேன்" என்றேன்.

அப்போது நம் பங்காளி வகையில் எனக்கு அண்ணன் முறையானவர் எழுந்தார். ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போன ஒரே பையன் அவர் மகன். சத்தம் போடவில்லை.

"தம்பி, எம் பையன் அங்கதான் நிக்கிறான். எதிர்ல இருக்கறவன் கையில துப்பாக்கி இருக்குது. எம் பையன் வெறுங்கையோட நிக்கட்டுங்கறயா?"

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். ஊர்க்கவுண்டர் நான் வைத்ததை எடுத்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "வரின்னா ஒண்ணுதான் மாப்ள. பாதி வரின்னு ஒண்ணு கெடையாது."

ஏன் அப்படிச் செய்தேன் என்பதை அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் நான் திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டியில் வேலைக்குப் போனேன். ஒரு தடவை வடக்கே மணல்காட்டில், எல்லைக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் போர்வெல் போட்டோம். மூன்று நாள் புழுதி மட்டும்தான் வந்தது. நாலாம் நாள் தண்ணீர் பீறிட்டது. எங்களுக்குத் தினமும் ரொட்டி சுட்டுக் கொடுத்த ஒரு கிழவி, மணல்மேட்டுக்கு அந்தப்புறம் தெரிந்த மரங்களைக் காட்டி ஏதோ கேட்டாள். இந்தி தெரிந்த மேஸ்திரி எங்களுக்குச் சொன்னார்: நாடு பிரியும் முன்னாலேயே அவள் தங்கையை அங்கே கட்டிக் கொடுத்துவிட்டார்களாம். இப்போது அது வேறு தேசம். இவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறதே, அவள் வீட்டுக் கிணற்றிலும் இதே தண்ணீர்தான் ஊறுமா என்று கேட்கிறாளாம். மேஸ்திரி, ஆமாம் என்று தலையாட்டினார். கிழவி ஈரக் கையை என் தலையில் வைத்துத் தடவினாள். ஊர்க்கவுண்டர் தட்டை நீட்டியபோது எனக்கு அந்தத் தங்கையின் வீடுதான் கண்ணுக்குள் நின்றது. குண்டு விழுந்தால் அந்த மரங்களுக்கு நடுவில்தானே விழும் என்று தோன்றியது. அவ்வளவுதான் என் நியாயம்.

இதை உங்கள் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏனுங்க, நாளைக்கு நம்ம புள்ளைக்கு ஒண்ணுன்னா அந்தக் கெழவியா வந்து நிப்பா?" என்றாள்.

நோம்பியன்று மூத்தவளைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அவள் கறி வாங்கத் தூக்குப்போசி வேண்டும் என்று அடம்பிடித்து எடுத்து வந்தாள். வரிசையாக வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். எங்களுக்கு மேல் வீடு எடுத்துக்கொண்டது. அடுத்து எங்களுக்குக் கீழ் வீட்டைக் கூப்பிட்டார்கள். ஊர்க்கவுண்டர் கெட்ட மனுஷன் இல்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாக, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல. ஒரு வார்த்த சொல்லு, எங் கூறுல இருந்து பிரிச்சு ஒரு கூறு வெச்சரலாம்" என்றார்.

எதிரில் அந்த அண்ணன் தன் கூறை எடுக்காமல் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம். உங்கள் போசியும் நிறையும். சரி என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லீங்க மாமா" என்றேன்.

"நம்முளுது எங்கப்பா?" என்றாள் பிள்ளை.

"இந்த வருஷம் இல்ல சாமி."

வழியெல்லாம் வெறும் போசி அவள் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

மறுநாள் சாமைக்குக் களை வெட்டினோம். எப்போதும் ஆளுக்கு ஆள் மாற்றாக ஏழெட்டுப் பேர் வருவார்கள். அந்த வருஷம் நானும் உங்கள் அம்மாவும்தான். பாதையில் போனவர்கள் பார்க்காத மாதிரி போனார்கள். வைதிருந்தால்கூடத் தேவலை. ஒரு மாசம் அப்படி இருந்தது. காட்டில் தனியாக நிற்கும்போது எனக்கு நானே பேசிக்கொண்டிருந்தேன், அந்த அண்ணனுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் ஒத்துவரவில்லை, இன்றைக்கும். அவர் பையன் தை மாசம் லீவில் நல்லபடியாக வந்து சேர்ந்தான். ஊரே போய்ப் பார்த்தது. நான் அவர்கள் வீட்டு வளைவு வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த நோம்பிக்குப் பழையபடி வெறும் நோம்பி வரிதான். வாங்கிக்கொண்டார்கள், கூறும் வைத்தார்கள்.

ஒன்றை மட்டும் உங்கள் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. கூறு போட்ட இடத்தைச் சுத்தம் செய்வது வருஷத்துக்கு ஒரு வீட்டு முறை. அந்த வருஷம் எங்கள் முறை. எங்களைத்தான் கணக்கிலேயே சேர்க்கவில்லையே, யார் வந்து சொல்வார்கள்? கீழ் வீட்டுக்காரருக்கு முறை இன்னும் வரவில்லை, அவரும் கை வைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இலைகள் மண்ணோடு ஒட்டி அழுகிக் கிடந்தன. ஈ மொய்த்தது. வீட்டுக்கு வந்து விளக்குமாறும் கூடையும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வோர் இலையாகப் பிரித்தெடுத்துக் கூட்டி, குழி வெட்டிப் புதைத்தேன். கறி வெட்டிய மரக்கட்டையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் வடியும்படி கோயில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்தேன்.