இடது பக்கத்து வயலின்கள்

கீழ்பென்னாத்தூர் வினோதினி ஜெர்மனியில் ஆர்கெஸ்ட்ரா நடத்தப் படிக்கிறாள் என்றதும், ஊரில் பலர் கல்யாண வீட்டுக் கச்சேரி என்றே நினைத்தார்கள். அறுபது எழுபது பேர் வயலினும் குழலும் வாசிக்க, அவர்கள் எதிரில் சிறு கோலோடு நின்று அத்தனை பேரையும் வழிநடத்தும் படிப்பு அது. திருவண்ணாமலையில் பள்ளிப் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தவள், சென்னையில் வயலின் கற்று, இருபத்தேழு வயதில் உதவித்தொகையோடு முதுகலைக்குப் போனாள். மணிலாக் கடலை பயிரிடும் சந்திரம்மாளுக்கு ஒரே மகள்.

இரண்டாம் ஆண்டுக் குளிர்காலத்தில், காய்ச்சல் விட்ட ஒரு காலையில், இடது காது அடைத்திருந்தது. சளிதானே என்று பத்து நாள் விட்டுவிட்டாள். நரம்பு போய்விட்டது, உடனே வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார் மருத்துவர்.

ஒத்திகையில்தான் போனது எவ்வளவு என்று புரிந்தது. சுருதி பிசகினால் வலது காதுக்குத் தெரிந்தது. யாரிடமிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. ஒரு நாள், இடது பக்கத்து வயலின்களில் சரியாக வாசித்துக்கொண்டிருந்த பெண்ணை நிறுத்தித் திருத்தினாள். அந்தப் பெண் வில்லை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். அதன்பின் வினோதினி யாரையும் திருத்தத் துணியவில்லை. ஆசிரியை காரணம் கேட்டபோது, களைப்பு என்று சொல்லிச் சமாளித்தாள்.

பங்குனியில் விடுமுறைக்கு ஊர் வந்தாள். பௌர்ணமி மாலை அம்மாவோடு கிரிவலம் போனாள். அடி அண்ணாமலை தாண்டும்போது, பின்னால் தண்ணீர் வேன் ஒன்று ஹார்ன் அடித்தது. கூட்டம் ஓரமாக ஒதுங்க, வினோதினி மட்டும் வேன் வந்த பக்கமாகவே விலகினாள். சந்திரம்மாள் தோளைப் பற்றி இழுத்துவிட்டாள்.

"இன்னாடி, வண்டி வர பக்கமே போற?"

வினோதினி தோளை விடுவித்துக்கொண்டு நடக்கப் பார்த்தாள்; அம்மா விடவில்லை.

"நீ வந்ததுலேர்ந்து பாக்குறேன். இந்தப் பக்கமா கூப்ட்டா திரும்பவே மாட்டேங்கிற. காது கேக்கலியா?"

"ஒண்ணு கேக்கலம்மா. நாலு மாசமாச்சி."

சந்திரம்மாள் ரோட்டோரமே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கிட்டகூட சொல்லலியே. அங்கயாவது சொன்னியா?"

"சொன்னா, நீ இதுக்கு லாயக்கில்லனு அனுப்பிடுவாங்கம்மா."

"சொல்லாம எத்தினி நாளு ஓட்டுவ?"

சந்திரம்மாள் எழுந்து, இடம் மாறி, மலையைச் சுற்றி முடிக்கும்வரை மகளின் வலப்பக்கமே நடந்தாள்.

மறுநாள் வினோதினி ஆசிரியைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். "இதை நீ வாசிப்பவர்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால் உன் இறுதித் தேர்வுக் கச்சேரி நடக்கும்" என்றார் அவர்.

தேர்வு ஜூலையில். அதற்கான முதல் ஒத்திகையில், அறுபது பேர் முன்னால் நின்று சொன்னாள்: "இடது பக்கத்தில் பிசகினால் யார் என்று எனக்குத் தெரியாது. தப்பு உங்களுடையது என்றால் வில்லைக் கொஞ்சம் உயர்த்துங்கள்." யாரும் எழுந்து போகவில்லை. பத்து நிமிடம் கழித்து, முதல் வரிசையில் இருந்த மூத்த வயலின்காரர் தன் வில்லை உயர்த்தினார்.

தேறினாள், முதல் தரத்தில் அல்ல. தேர்வுக் கச்சேரியைச் சந்திரம்மாள் வேங்கிக்காலில் தன் தம்பி வீட்டு டிவியில் இணைய நேரலையாகப் பார்த்தாள்.

"முழுக்க உன் முதுகுதான்டி தெரிஞ்சுது," என்றாள் போனில். "ஆனா நீ கைய எறக்கினதும் அத்தினி பேரும் கம்முனு ஆயிட்டாங்களே..." மேலே பேச முடியாமல் அழுதாள்.

பெரிய ஆர்கெஸ்ட்ராக்களில் வேலைக்குப் போட்ட விண்ணப்பங்கள் எதுவும் பலிக்கவில்லை. இன்று வினோதினி ஜெர்மனியிலேயே ஒரு சிற்றூரில், ஆசிரியர்களும் செவிலியர்களும் சேர்ந்து வாசிக்கும் குழுவை நடத்துகிறாள். வலது காதும் போய்விடாமல் இருக்க, அதை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். பரிசோதனை அறைக்குள் போகுமுன் பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்கிறாள். முடிவு தெரியும்வரை சந்திரம்மாள் வயலுக்குப் போவதில்லை.