இருதயப் பாடத்தில் மூன்று புள்ளிகள்

அக்காவின் விலங்கியல் புத்தகத்தை நான் ஒரு வருடம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடிப்பது என்றால் எங்கள் வீட்டில் அது ஒரு வேலை. படிக்கிறவள் கண்ணை மூடிக்கொண்டு பாடத்தை ஒப்பிப்பாள். பிடிக்கிறவள் எதிரே உட்கார்ந்து வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே போவாள். வாய் சொல்வதும் விரல் தொடுவதும் ஒன்றாக இருக்கிறவரை பேசாமல் இருக்க வேண்டும். ஒரு சொல் பிசகினால் நிறுத்தி, ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அவள் திக்கி நின்றால் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு சொல் போதும், மிச்சப் பத்தி தானாக ஓடிவிடும். இதற்குப் பெரிய புத்தி தேவையில்லை. எழுத்துக்கூட்டத் தெரிந்தால் போதும். எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. எழுத்துக்கூட்டுவதில் நான் கெட்டிக்காரி.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அக்கா பிளஸ் டூவில் நல்ல மார்க்தான் வாங்கியிருந்தாள். டாக்டர் சீட்டுக்கு அந்த நல்லது போதவில்லை. அப்போது இம்ப்ரூவ்மெண்ட் என்று ஒரு வழி இருந்தது. ஒரு வருடம் வீட்டிலேயே இருந்து, அதே பாடத்தை அதே புத்தகத்தில் திரும்பப் படித்து, அதே பரீட்சையைத் திரும்ப எழுதி, மார்க்கை ஏற்றிக்கொள்ளலாம். அவளோடு படித்தவர்கள் ஆளுக்கொரு கல்லூரிக்குப் பஸ் ஏறிப் போனார்கள். அக்கா மாடி ஏறினாள்.

அப்பாவுக்குக் கொக்கிரகுளத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மகளின் மார்க் எங்கே போனது என்று அவர் பல நாள் யோசித்துக் கண்டுபிடித்திருந்தார். சொந்த நடை. புத்தகத்தில் இருப்பதைப் புத்தகத்தில் இருக்கிறபடி எழுதினால் எவனாலும் மார்க்கைக் குறைக்க முடியாது. இவள் சொந்தமாக எழுதித் தொலைத்துவிட்டாள். அந்த நோய்க்கு அவர் கண்ட மருந்துதான் ஒப்பித்தல். பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் சிவப்பு மையிலும் நீல மையிலும் ஒரு டைம்டேபிள் எழுதிச் சுவரில் ஒட்டினார். விடியற்காலை நாலரைக்கு எழுந்திருப்பதில் ஆரம்பித்து, தலைவாருவதற்குப் பத்து நிமிடம் என்பதுவரை அதில் இருந்தது. கடைசி வரியில் ‘ஒழுக்கம், உழைப்பு, மன உறுதி’. அதற்கு மட்டும் நேரம் குறிக்கவில்லை. பீரோக் கதவில் சாக்பீஸால் ‘டாக்டர்’ என்று எழுதி, பக்கத்தில் அக்காவின் பெயரையும் எழுதினார். தாவணியை எடுக்கும்போதெல்லாம் அவள் அந்தப் பெயரைத் திறந்து மூட வேண்டியிருந்தது.

டிரான்சிஸ்டர் பரணுக்குப் போனது. அம்மா தினமும் வல்லாரைத் துவையல் அரைத்தாள். வீட்டில் பாத்திரம் கீழே விழுவதுகூட நின்றுபோனது. சாப்பாட்டுக்கு முன் கும்பிடும்போது நாங்கள் எல்லோரும் ஒன்றையே வேண்டிக்கொண்டோம். அது நடக்க வேண்டியது மட்டும் ஒரே ஆளின் தலைக்குள்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல்தான் எங்கள் இடம். அங்கிருந்து பார்த்தால் தென்னைகளுக்கு நடுவே ஆறு ஒரு கீற்றாகத் தெரியும். அந்த வருடத்தை நான் வயலை வைத்தே ஞாபகம் வைத்திருக்கிறேன். கார் போகத்து நடவின்போது மண்புழு. கார் அறுப்பின்போது கரப்பான்பூச்சியும் தவளையும். மழை இறங்கி ஆறு செம்மண் நிறத்தில் புரண்டபோது முயல். அடுத்த போகமான பிசானத்துக்குப் பயிர் பச்சை கட்டியபோது மனிதன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காப்பியைக் குடித்துவிட்டு நான் மாடிக்கு ஏறுவேன். அக்கா கிழக்கிலிருந்து மேற்காக நடந்துகொண்டே ஒப்பிப்பாள். அடுத்த வீட்டு மளிகைக்கடை அண்ணாச்சி ஒருநாள் தன் மாடியில் வற்றல் அள்ளிக்கொண்டே அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“வே, உம்ம மவ சொல்லுததக் கேட்டுக் கேட்டு எனக்கே தவளைக்கு எத்தன எலும்புன்னு பாடமாயிட்டு. பேசாம நான் போயி எழுதிட்டு வந்திரட்டுமா?”

நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அப்பா சிரிக்காததால் இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம்.

சாயங்காலம் அப்பா சைக்கிளை நிறுத்தியதும் முதல் கேள்வி எனக்குத்தான். அவளிடம் கேட்டால் அவள் கூட்டிக் குறைத்துச் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். “இன்னைக்கு எத்தனட்டி?” என்பார். ஏழு என்பேன், ஒன்பது என்பேன். எண்ணிக்கை குறைந்தால் அவருடைய நடை மாறும். கூடினால் முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வர மாட்டார். வீட்டின் மொத்தச் சந்தோஷமும் என் பென்சில் முனையில் இருந்தது. பத்து வயதில் யாருக்கு அப்படி ஓர் அதிகாரம் கிடைக்கும்? நான் பென்சிலைக் கூர்சீவியே வைத்திருந்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் பதினான்கு புள்ளிகள் விழுந்தன. அக்கா நடப்பதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கெஞ்சவில்லை. எதுவும் தருவதாகவும் சொல்லவில்லை. ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டே, “ஏட்டி, இன்னைக்கு மட்டும் மூணுன்னு சொல்லுதியா?” என்றாள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு நீதிபோதனை. பொய் சொல்லாதே என்று நாங்கள் நாற்பது பேர் ஒரே குரலில் சொல்லுவோம். அன்று அப்பா வந்ததும் பதினான்கு என்று சொன்னேன். அக்கா மூன்று என்று சொல்லச் சொன்னதையும் சொன்னேன்.

அவர் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. மூன்று நாள் பேசவில்லை, அவ்வளவுதான். அவள் வைத்த தண்ணீர்ச் செம்பை எடுக்காமல் எழுந்துபோய்ப் பானையில் மொண்டு குடித்தார். அம்மாவிடம் என்னைக் காட்டி, “இது பொய் சொல்லாத பிள்ள” என்றார். மறுநாள் எனக்கென்று ஒரு பொட்டலம் கருப்பட்டிச் சேவு வாங்கி வந்தார். மாடிப்படியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது அக்கா வந்தாள். ஒன்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். வாயில் போடவில்லை. அவள் உள்ளங்கையில் அது பிசுபிசுத்துக் கரைந்துகொண்டே இருந்ததைப் பார்த்தேன். வேண்டாமென்றால் திருப்பித் தந்திருக்கலாமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

தைப்பூசத்துக்கு அம்மா பச்சைச் சேலை கட்டித் திருச்செந்தூருக்கு நடந்தே போய்வந்தாள். திரும்பியபோது இரண்டு காலும் வீங்கியிருந்தன. முருகனிடம் என்ன கேட்டாய் என்றேன். அக்காவுக்குச் சீட்டு என்றாள். அக்கா வெந்நீர் வைத்து அம்மாவின் காலைப் பிடித்துவிட்டாள். அப்போதும் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. முணுமுணுப்பது இதயமா, நுரையீரலா என்று நான் கூர்ந்து கேட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் மாடியில் இருதயப் பாடம். புத்தகத்தில் ‘இதயம்’; நாங்கள் இருதயம் என்போம். அவளுக்கு நன்றாகப் பாடமான பாடம் அது. கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமான அந்த ராகத்தில் ஆரம்பித்தாள். மனித இதயம் நான்கு அறைகளைக் கொண்டது. மேலறைகளின் சுவர்கள் மெல்லியவை. கீழறைகளின் சுவர்கள் தடித்தவை. என் விரல் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. ராகம் மாறவில்லை, வேகம் மாறவில்லை, நடையும் நிற்கவில்லை.

“எனக்கு இரவில் உறக்கம் வருவதில்லை. எழுத்துகள் பக்கத்தை விட்டு நகர்கின்றன. இதை யாரிடமும் சொல்ல இயலவில்லை. இடது கீழறையிலிருந்து இரத்தம் பெருந்தமனிக்குள் செலுத்தப்படுகிறது.”

என் விரல் தவித்துப்போனது. முதல் வாக்கியத்திலேயே அது வரியைத் தொலைத்துவிட்டு மேலும் கீழும் தேடியது. அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். கடைசியில்தான் இடது கீழறை கிடைத்தது. அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருந்தது.

“நில்லு. நடுவுல மூணு வரி புக்குல இல்ல” என்றேன்.

அக்கா கண்ணைத் திறந்தாள். நான் சரியாக எண்ணி மூன்று புள்ளிகள் வைப்பதை நின்று பார்த்தாள். பிறகு, “ஆமா, இல்ல” என்றாள். மறுபடி முதலிலிருந்து ஒப்பித்தாள். இந்தத் தடவை ஒரு தப்பும் இல்லை.

அப்பா வந்ததும் மூன்று என்று சொன்னேன். நல்ல எண்ணிக்கை, அவர் முகம் தெளிந்தது. எதில் தப்பு என்றார். புத்தகத்தில் இல்லாததைச் சேர்த்துச் சொல்கிறாள் என்றேன். “பழைய புத்தி போகலியே. சொந்த நடை கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா” என்று அவளைப் பார்த்துச் சொன்னார். அவள் என்ன சேர்த்தாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஒரு எழுத்து பிசகாமல் சொல்லியிருப்பேன். நான்தான் பொய் சொல்லாத பிள்ளையாயிற்றே. ஆனால் கேட்டதற்குத்தான் நான் பதில் சொல்லிப் பழகியிருந்தேன்.

பரீட்சை மார்ச்சில் வந்தது. பிசான அறுப்பும் அப்போதுதான். மாடிக்கு வைக்கோல் வாசனை வந்துகொண்டிருந்தது. விலங்கியல் அன்று அக்கா பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன். தொட்டி நிழலில், நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“இருதயம் வந்துச்சு” என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நம் பாடம் ஆயிற்றே.

“மொத வரி எழுதிட்டேன். ரெண்டாவது வரி வரல. நீ எடுத்துக் குடுப்பன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.” செருப்பின் வாரைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “எல்லாத்துக்கும் அப்படித்தாம்ட்டி. மொத மொத வரிதான் வந்துச்சு. பெல்லடிச்சிட்டாங்க.”

வருடம் முழுக்க, அவள் நின்ற இடத்திலெல்லாம் நான் ஒரு சொல்லை வைத்து அவளைத் தள்ளிவிட்டிருக்கிறேன். நிற்கும்போது தானாக நகருவதற்கு அவளை யாரும் பழக்கவில்லை. இதெல்லாம் இப்போது எழுதும்போது தோன்றுவது. அப்போது, அந்த ஹாலில் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டார்களா என்றுதான் யோசித்தேன்.

சாயங்காலம் அப்பா சைக்கிளை நிறுத்தினார். அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, என்னைத்தான் தனியே கூப்பிட்டார். எப்படி எழுதியிருக்கிறாளாம் என்றார். அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காலில் இன்னும் வீக்கம் வடியவில்லை.

நல்லா எழுதியிருக்கா என்றேன்.

என் முதல் பொய் அது. அப்பா அதை அப்படியே நம்பினார். சொன்னது நானல்லவா. பரணிலிருந்து டிரான்சிஸ்டர் இறங்கியது. அண்ணாச்சிக்கு விஷயம் போயிற்று. ஹாஸ்டலுக்கு வேண்டுமென்று ஓர் இரும்பு டிரங்குப் பெட்டி வந்தது. பச்சைப் பெயிண்ட், பித்தளைக் கொக்கி. இரண்டு மாதம் எங்கள் வீட்டில் பாத்திரங்கள் தாராளமாகக் கீழே விழுந்தன. அக்கா அந்த டிரங்குப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு நடந்துபோவாள். என்னைப் பார்ப்பாள். பதினான்கை மூன்றாக்கச் சொன்ன நாளில் தராத ஒன்றை, இனி எதற்கும் உதவாத நாளில் அவளுக்குத் தந்துவிட்டேன். அதை அவள் எங்கே வைத்துக்கொள்வாள்?

ரிசல்ட் வந்த அன்று அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். முதல் வருடத்து மார்க்கில் பாதிகூட இல்லை. அவர் அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. என் முன்னால் வந்து நின்று, ரொம்பப் பைய, “நல்லா எழுதியிருக்கான்னு சொன்னேல்லா?” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எண்ணிக்கை எதுவும் கேட்டதில்லை. என் மார்க்கைக்கூட அம்மாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

மறு வருடம் அக்காவைக் களக்காட்டில் ஒரு வாழைத்தோட்டக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனுஷர். அந்த வீட்டில் கல்யாணப் பத்திரிகை வந்தால் அதை அவர்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஊர்ப் பெயர்ப் பலகையைக்கூட அக்கா பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுக்கொள்கிறாள். கண் டாக்டரிடம் காட்டினார்கள். பார்வையில் ஒரு குறையும் இல்லையாம். பீரோவில் எழுதியிருந்ததை யாரும் அழிக்கவில்லை. முதுகு உரசி உரசி முதலில் அவள் பெயர் போயிற்று. டாக்டர் இன்னும் சில வருடம் இருந்தார்.

அப்பாவின் காரியம் முடிந்த பிறகு, போன வருடம், அந்தப் பச்சை டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பழைய ரசீதுகளுக்கு அடியில் விலங்கியல் புத்தகம். அக்கா வாசலோரமாக உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். நான் இருதயப் பாடத்தைத் தேடி எடுத்தேன். ஓரத்தில் மூன்று புள்ளிகள் அப்படியே இருந்தன, கூரான பென்சிலால், ஒரே அளவில், ஒன்றன்கீழ் ஒன்றாக. அந்தப் பாடம் இன்னும் எனக்கு மனப்பாடம். எந்த இடத்தில் ஆரம்பித்தாலும் ஓடும். மேலறை, கீழறை, அவளுடைய மூன்று வரி, பிறகு இடது கீழறை.

அவள் பக்கம் திரும்பி அந்த மூன்று வரியை எடுத்துக் கொடுக்கலாம் என்று வாய்வரை வந்தது. கொடுக்கவில்லை. புத்தகத்தை மூடி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டேன். அன்று மாடியில் அந்த வரிகளை நான் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரியும். உறக்கம் தெரியும், எழுத்து தெரியும், யாரிடமும் என்பதும் தெரியும். அந்த யாரில் ஒருத்தியாக எதிரே நான் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் தெரியவில்லை. விரலை முதல் வரிக்கு நகர்த்தி, சொல்லு என்றேன்.