ஏழாம் நாள் உபயதாரர்

என் கணவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் நான்கு பக்கம். துபாயில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கும் உதவியாளராக இருப்பதாகவும், அறை வாடகையும் சாப்பாடும் போக மிச்சமில்லை என்றும் அதன் மூன்றாம் பக்கத்தில் சத்தியம் செய்திருந்தார். சேலத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பதினோரு வருடம் பிழை திருத்தியவள் நான். அந்தப் பக்கத்தில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டபோது மகள் இரண்டாம் வகுப்பு. வழக்கு இழுத்துக்கொண்டே போய், அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். இடையில் அவரிடமிருந்து ஒரு ரூபாய் வரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் சேலத்து வேலையை விட்டு, மலைமேல் நாகலூரில் அம்மா வீட்டுக்கு வந்து, ஒரு எஸ்டேட் ஆபீசில் சேர்ந்தேன். பள்ளிக் கட்டணத்துக்கு முதல் வருடம் வளையல் போனது. அடுத்த வருடம் சங்கிலி. மூன்றாம் வருடம் தாலி.

ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது மாமனார் பக்கத்தில் வந்தார்.

"இனிமே மாசாமாசம் அனுப்பறேங்கறான் கண்ணு. பழசை உட்டுரு."

"ஏனுங்க மாமா, அந்த மூணு வருசம் பாப்பா சோறு திங்கலீங்களா?"

"பத்திரிகைல இருந்தவளுக்கு வாய் நொம்பத்தான்" என்றவர், பஸ் வந்ததும் எனக்கு முன்னால் ஏறி சன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு அந்தப் பழசுதான் வேண்டும். மனு போட்ட நாளிலிருந்தே கணக்கிட்டுக் கொடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கலாம் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். ஆனால் மூட்டை தூக்குகிறவர் என்றே நீதிமன்றம் நம்பிவிட்டால் அந்த மூன்று வருடத்துக்கு என்ன கிடைக்கும்?

"அவரோட சம்பளச் சீட்டை அங்கிருந்து எப்படிங்க மேடம் வாங்கறது?"

"ஆதாரத்தை அவராக் குடுத்தாத்தான் உண்டு."

அவராகக் கொடுத்தார்.

எங்கள் பங்குக் கோயில் திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு உபயதாரர். பெயரும் பதவியும் நோட்டீசில் அச்சாகும். நான் ஊர் திரும்பியதிலிருந்து ஃபாதர் புரூஃபை என்னிடம்தான் கொடுப்பார். ஒரு வருடம் யாருக்கோ இனிஷியல் மாறிப்போய், பேண்டு செட்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தி வேடிக்கை பார்க்கும் அளவுக்குச் சண்டை. அதன் பிறகு நான் ஒரு விதி வைத்தேன். உபயதாரர் தன் வரியைப் பார்த்து, திருத்தம் இருந்தால் தன் கையாலேயே எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் நோட்டீஸ் அச்சுக்குப் போகும்.

மகள் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் ஏழாம் நாளுக்கு எதிரே என் கணவர் பெயர். கூடவே 'மேனேஜர், துபாய்'. மாமனார் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு முறை படித்தேன். சிவப்பு மையில் 'மேனேஜர்' என்பதை வட்டமிட்டு ஓரத்தில் எழுதினேன்: 'பதவி சரிதானா?'

கணவர் அப்போது லீவில் வந்திருந்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். ஆனால் ஆறாம் நாள் உபயதாரர் அவரோடு படித்தவர், குவைத்தில் மேனேஜர். புரூஃப் திரும்பி வந்தபோது 'மேனேஜர்' என்பதற்கு முன்னால் நீல மையில் 'சீனியர்' சேர்ந்திருந்தது. கீழே கையெழுத்தும் தேதியும்.

ஃபாதரிடம் நகல் கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"கேசுக்குங்க ஃபாதர்."

தாளில் அந்த நீல எழுத்தின் மேல் விரலை வைத்தார். "கலர் ஜெராக்சா எடுத்துக்கம்மா. நீலம் நீலமாவே தெரியட்டும்."

திருவிழா முடிந்த மறுவாரம் குறுக்கு விசாரணை. வக்கீலம்மா முதலில் அச்சான நோட்டீசை நீட்டினார்.

"அச்சுப்பிழைங்க" என்றார் என் கணவர். "கோயில்ல தப்பாப் போட்டுட்டாங்க."

வக்கீலம்மா கலர் நகலை எடுத்தார். "இந்த நீல மை யாருதுங்க?"

அவர் என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நேரம் என்னைப் பார்த்ததில்லை. நானும் கண்ணை எடுக்கவில்லை. நியாயத்துக்காக மட்டுமே இதைச் செய்தேன் என்று எழுதினால் அது பொய்ச் செய்தி. அந்த முகத்தைப் பார்க்கவும்தான் செய்தேன்.

சம்பளச் சான்றையும் வங்கிக் கணக்கையும் தாக்கல் செய்யச் சொல்லி உத்தரவானது. இரண்டும் வந்த பிறகு தீர்ப்பு: எனக்கும் மகளுக்கும் மாதாமாதம், மனு போட்ட தேதியிலிருந்து. பாக்கியை இரண்டு தவணையில் கட்டினார். மஞ்சக்குட்டையில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு கூரை போடாமல் நின்றது. எஸ்டேட் ஜீப்பில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் துருப்பிடிக்கும் கம்பிகளைத் திரும்பிப் பார்ப்பேன்.

அடுத்த வருடமும் புரூஃப் என்னிடம் வந்தது. ஏழாம் நாள் உபயம் அவர்கள் வீட்டுக்கே உரியது, விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பெயர் இருந்த இடத்தில் 'ஒரு குடும்பத்தினர்' என்று மட்டும் இருந்தது.

சிவப்புப் பேனாவை எடுத்து வட்டமிட்டேன். ஓரத்தில் எழுதினேன்: 'பெயர்? பதவி?'