ஆழம் கேட்க மறந்தவர்

விளக்கெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, தோல்பறியின் வாயிலிருந்து வால்வரை நீவிக்கொண்டிருக்கிறார் கருத்தக்கண்ணன். மாடு பூட்டிக் கிணற்று நீரை இறைப்பதற்கான பறி அது. மூன்று வருஷத்துக்கு முன் உசிலம்பட்டிச் சந்தையில் வாங்கியது. இன்றுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் அதன்மேல் பட்டதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் மட்டும் குடிக்கிறது.

எழுமலைக்குக் கிழக்கே அவருடைய மானாவாரிக் காடு. அதன் மேட்டில் கிணறு, பக்கத்திலேயே குடிசை. ஒன்பது ஆள் ஆழம். அடியில் வெறும் பாறைப்பொடி. குழிக்குள் நின்று மேலே பார்த்துப் பேசிப் பேசி, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் மோவாயைத் தூக்கி உரக்கத்தான் பேசுவார். புருவத்தில் எப்போதும் மண் இருக்கும்.

கிணறு தோண்டுமுன் பேச்சியம்மன் கோயிலில் பூக் கேட்டாராம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் தண்ணீர் உண்டு. பூசாரி மூன்று முறை எடுத்தார். மூன்று முறையும் வெள்ளை. வந்த சந்தோஷத்தில், எத்தனை ஆள் ஆழத்தில் என்று கேட்கக் கருத்தக்கண்ணன் மறந்துவிட்டார்.

அவர் மனைவியின் அண்ணன் நல்லகாமனுக்குக் கேலி பேச இது போதும்.

"மாப்ள, ஆத்தா இருக்குன்னுதான சொன்னா? எம்புட்டு ஆழத்துலன்னு சொன்னாளா? பாதாளத்துல இருந்தாலும் அவ சொன்னது பொய்யில்லப்பா."

கருத்தக்கண்ணனும் சேர்ந்து சிரிப்பார். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் அந்தப் பக்கம் நடக்கிற நான், இன்னொரு முறை போய் ஆழத்தைக் கேட்டுவிட்டு வரலாமே என்று ஒருநாள் சொன்னேன்.

"கேட்டுப்புட்டேன், சொல்லிப்புட்டா. மறுபடி போயி நின்னா, நீ சொன்னது நெசந்தானான்னு கேக்குற மாதிரில்ல இருக்கும் தம்பி. ஒங்க ஆத்தாகிட்ட அப்படிக் கேப்பீகளா?"

கிணற்று மேட்டிலிருந்து பருத்திக் காடுவரை வாய்க்கால்கூட வெட்டி வைத்திருக்கிறார். புல் முளைத்தால் உடனே பிடுங்கிவிடுவார். அதற்குள் கால் வைக்க யாரையும் விடமாட்டார். வருகிறவர்கள் காய்ந்த வாய்க்காலைத் தாண்டித்தான் வரவேண்டும். அவருடைய பெண்பிள்ளைகள் இருவருக்கும் அது பழகிவிட்டது, எனக்கும்தான்.

அவர் மனைவி ஜெயக்கொடிக்கு இந்த நிம்மதி வாய்க்கவில்லை. வெட்டிய மண்ணைக் கூடை கூடையாகக் கயிற்றில் மேலே இழுப்பது அவள்தான். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கிறது. இரண்டு வருஷமாக மழை இல்லை. ஊரில் பாதிப் பேர், கூலிக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு மலைத் தோட்டத்துக்குத் தேயிலை பறிக்கப் போய்விட்டார்கள். தைக்குள் தண்ணீர் வராவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தானும் மலைக்குப் போய்விடுவேன் என்று கார்த்திகையிலேயே சொல்லிவிட்டாள்.

அவர் தடுக்கவில்லை. "போயிட்டு வாங்க. தண்ணி வந்ததும் ஆள் அனுப்புறேன்" என்றார், பக்கத்து ஊர்ச் சந்தைக்கு அனுப்புகிற மாதிரி. திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பேன் என்று அண்ணனிடம் சொல்லி அழுதாளாம்.

தை பிறந்தது. கிணறு அப்படியே இருந்தது. இரண்டாம் வெள்ளியன்று கங்காணி வந்து வாய்க்காலின் நடுவில் நின்றுகொண்டு, மூட்டை கட்டியாயிற்றா என்று கேட்டார். குடிசை வாசலில் மூட்டை இருந்தது. ஜெயக்கொடியைக் காணோம். மலைக்குப் போகலாமா என்று பூக் கேட்க விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போயிருப்பதாக நல்லகாமன் சொன்னார். கருத்தக்கண்ணன் பறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கை மட்டும் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

வெயில் ஏறும்போது அவள் வந்தாள். கையில் இரண்டு பொட்டலமும் நூல் பிரிக்காமல் இருந்தன.

"என்ன பூ வந்துச்சு?" என்றார் நல்லகாமன்.

"கேக்கல. பூசாரி வார வரைக்கும் வாசல்லயே நின்னேன். தண்ணி உண்டுன்னு ஏற்கெனவே சொன்னவகிட்ட இன்னும் என்னத்தக் கேக்கன்னு வந்துட்டேன்."

பிறகு கங்காணியின் காலைப் பார்த்தாள்.

"அண்ணே, செத்த தள்ளி நில்லுங்க. அது தண்ணி வர்ற தடம்."

கங்காணி குனிந்து பார்த்தார். புழுதியைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் கரைமேல் ஏறிக்கொண்டார்.

கருத்தக்கண்ணன் உள்ளங்கையில் எண்ணெயை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, பறியைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தை நீவ ஆரம்பித்தார்.