கண்ணாடி அலுமாரிக்குள் மூன்று ரிவோல்வர்

போன கிழமை வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், சப்பாத்தைக் கழற்ற முதலே வரவேற்பறையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன அண்ணை, அலுமாரிக்குள்ளை கோப்பையள் இருக்கு? எங்கை உங்கடை சாமானுகள்?"

"குடுத்திட்டன்" என்றேன்.

"ஏன்?"

இடம் காணாது, தூசி துடைக்கப் பஞ்சி என்று எதையோ சொல்லி மழுப்பினேன். அவருக்கு மழுப்பலாம். உங்களுக்கு முடியாது. ஏனென்றால் இந்தக் கூத்தை நான் ஊருக்கெல்லாம் அறிவித்ததே இந்தப் பத்தியில்தான்.

நினைவிருக்கிறதா? இரண்டு வருஷத்துக்கு முன்னர், 'பழைய ரிவோல்வர் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன்' என்று ஒரு முழுப் பத்தி எழுதினேன். முத்திரை சேர்க்கிறவன் இருக்கிறான், நாணயம் சேர்க்கிறவன் இருக்கிறான், எனக்கென்ன குறை என்று கேட்டிருந்தேன். நீங்களும் கடிதம் போட்டுப் பாராட்டினீர்கள். ஒருவர்கூட 'உமக்கென்ன விசரா?' என்று கேட்கவில்லை. ஜெசி ஒருத்திதான் கேட்டாள். அவள் என் மனைவி, கேட்கிற உரிமை உள்ளவள்.

முதலாவதை ஒரு பழம்பொருள் ஏலத்தில் வாங்கினேன். நூறு வருஷத்துக்கு மேல் வயசு. அவ்வளவு பழசு என்பதால் லைசென்ஸ் தேவையில்லை. அதற்கேற்ற தோட்டாவும் இப்போது கடைகளில் கிடையாது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது — அதுதான் பெரியது. வால்நட் மரப் பிடி, கறுத்துப்போன குழல், ஆறு குண்டு போடுகிற உருளை. இல்-பிசார் என்ற தீவில் இருக்கிற எங்கள் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடி அலுமாரி ஒன்று செய்வித்து, உள்ளே சின்ன லைட்டும் பூட்டி, மூன்றையும் வரிசையாக வைத்தேன்.

வருகிறவர்களுக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? காட்டினேன். அங்கேதான் பிழை தொடங்கியது.

ஒருநாள் எங்கள் கோயில் பங்கிலிருந்து வந்த ஒரு தம்பி, பெரியதைப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில் கேட்டான். "அண்ணைக்கு உதுகள் அந்தக் காலத்திலையே பழக்கம் போலை?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. "அதெல்லாம் பழைய கதையடாப்பா..." என்று ஒரு சிரிப்புச் சிரித்தேன்.

அவ்வளவுதான். அடுத்த மாதமே என்னை நாலு பேர், ஊரில் சண்டை நடந்த காலத்தில் ஆயுதம் தூக்கியவன் என்று வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள். கலியாண வீட்டில் முன்வரிசையில் கதிரை. நான் வாய் திறந்தால் மற்றவர்கள் கதையை நிறுத்திக் கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகப் பிடித்திருந்தது.

உண்மை என்ன? பத்தொன்பது வயசில் என்னைப் பிளேன் ஏற்றி விட்டார்கள். அதுவரைக்கும் நான் தூக்கிய அதிகபட்ச ஆயுதம் கொம்பாஸ் பெட்டிக்குள் இருந்த கவராயம். ஊரில் வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் முதலாவதாகக் கட்டிலுக்குக் கீழே போகிற ஆள் நான்தான். தங்கச்சி எனக்குப் பிறகுதான் வருவாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒக்டோபரில் எங்கள் பங்கில் மாதா சுரூபம் வீடு வீடாக வரும். ஒவ்வொரு நாள் பின்னேரமும் ஒரு வீடு. செபமாலை, பாட்டு, அதற்குப் பிறகு தேத்தண்ணி, றோல்ஸ், கடலை வடை. போன ஒக்டோபரில் எங்கள் முறை வந்தபோது ஜெசி ஒரே பிடியாக நின்றாள்.

"மாதா வாற வீட்டிலை துவக்கோ? அலுமாரியை மூடுங்கோ!"

வெள்ளைப் படுக்கை விரிப்பொன்றை எடுத்து அலுமாரிக்கு மேலே போட்டு மூடினேன். அதற்குப் பக்கத்து மேசையில் மாதா. செபமாலை முழுக்க எனக்கு ஒரே அவசரம். செபமாலையின் கடைசிப் பகுதியான ஐந்தாம் காரணிக்கத்தை எவ்வளவு இழுக்கிறார்கள் என்று மனதுக்குள் புறுபுறுத்தேன். கடைசி ஆமென் சொல்லித் தேத்தண்ணித் தட்டு வெளியே வந்ததுதான் தாமதம் — விரிப்பை இழுத்து எடுத்துவிட்டேன்.

வந்தவர்களில் ஒரு பெண். அவரை வசந்தி என்று வைத்துக்கொள்வோம். பெயர் அதுவல்ல. வேலை, ஊர், இருக்கிற இடம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அவருடைய ஊர்ப் பேச்சைக்கூட என் யாழ்ப்பாணத்துப் பேச்சாக்கிவிட்டேன். ஏன் இவ்வளவு ஒளிப்பு என்பது போகப் போகத் தெரியும். நாற்பத்தைந்து வயசிருக்கும். தனி ஆள். சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பதினொரு வருஷமாக எங்கள் பங்குக்கு வருகிறார். வருவார், பாடுவார், கோப்பை கழுவ உதவுவார், போவார். அதற்கு மேல் அவரைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் கேட்டதும் இல்லை.

நான் பெரிய ரிவோல்வரைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்கினேன். "உதின்ரை பாரம் கையிலை பிடிச்சாத்தான் தெரியும்... ஆறு குண்டு! அந்தக் காலத்து இரும்பு..." குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எனக்கு ஒரு கவனமும் இல்லை. ஒருமுறை மாதாவுக்கு நேராகப் போனது. பிறகு தட்டோடு வந்துகொண்டிருந்த ஜெசியின் நெஞ்சுக்கு நேரே நின்றது.

வசந்தி மூலையில் வடைக் கோப்பையோடு இருந்தவர். எப்போது எழுந்தார், எப்போது என் பக்கத்தில் வந்தார் என்று தெரியாது. என் மணிக்கட்டை மெல்லக் கீழே அழுத்தி, ரிவோல்வரை வாங்கினார். குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். விரல் விசைக்குள் போகவில்லை, பக்கத்தில் நீட்டி இருந்தது. ஒரு கணம் அதை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ரிவோல்வரின் பக்கவாட்டில் இருந்த சின்ன மூடியைத் தள்ளித் திறந்து, உருளையைத் திருப்பித் திருப்பி ஆறு துளையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூடினார். சுவரைப் பார்க்கிற மாதிரி மேசையில் வைத்தார்.

"வெறுமை எண்டாலும் ஆக்களுக்கு நேரை பிடிக்கப்படாது அண்ணை."

குரலில் கோபம் இல்லை. பாத்திரத்தை எங்கே வைப்பது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் தன் கைகளைப் பார்த்தார்.

வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் வசந்தியைத்தான் பார்த்தார்கள். பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா மட்டும் மெல்லக் கேட்டார். "பிள்ளை... நீர் எங்கை உதெல்லாம்...?"

"படத்திலை பாத்தது" என்றார் வசந்தி.

கையைச் சால்வையில் துடைத்தார். ஜாக்கெட்டை எடுத்தார். தேத்தண்ணி குடிக்கவில்லை. எங்கள் தீவில் பஸ் எப்போது வரும் என்று பஸ்காரனுக்கே சரியாகத் தெரியாது. அன்றைக்கு அவரைத் தன் காரில் கூட்டிவந்த குடும்பம் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒருவருக்கும் சொல்லாமல் நடந்து போனார்.

நான் பின்னால் ஓடியிருக்க வேண்டும். கார்த் திறப்பு வாசல் ஆணியிலேயே தொங்குகிறது.

ஓடவில்லை. ஏனென்றால் அந்த நேரம் ஒருவர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்குப் பாத்தவுடனை விளங்கியிருக்குமே அண்ணை... நீங்களும் அப்பிடித்தானே?" என்று கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா?

திரும்பவும் அதே சிரிப்பைச் சிரித்தேன்.

முதல் சிரிப்பை அசட்டுத்தனம் என்று மன்னித்துவிடலாம். இந்த இரண்டாவதை என்ன செய்வது? நினைக்கும்போது இப்போதும் காது சுடுகிறது.

வசந்தி அதற்குப் பிறகு பங்குக்கு வரவில்லை. ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, ஐந்து ஞாயிறு... ஆனால் அவரைப் பற்றிய கதை ஒவ்வொரு ஞாயிறும் வந்தது. ஒருவர் பயந்த குரலில் கேட்டார். ஒருவர் பக்தியோடு கேட்டார். "ஆள் எந்தப் பக்கமாம்?" என்று இன்னொருவர். கோயில் ஹோலில் கோப்பி குடித்துக்கொண்டு ஆளுக்கொரு கதை கட்டினார்கள். பதினொரு வருஷமாக ஒரு மனுஷி யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டிருக்கிறார். என் வாய் அதை ஒரு பின்னேரத்தில் கெடுத்துவிட்டது. ஊரில் ஒன்றும் செய்யாத நான் பெயர் வாங்கினேன். அவர் பூசைக்கு வர முடியாமல் வீட்டில் இருந்தார்.

ஜெசி சொல்லிவிட்டாள். "போய்க் கதைச்சிட்டு வாங்கோ. நான் வரமாட்டன். என்னை முன்னாலை விட்டிட்டுப் பின்னாலை ஒளிப்பியள்."

மஞ்சள் லைன் மெற்றோ எடுத்து, லொங்குய்யில் இருக்கிற அவருடைய வீட்டுக்குப் போனேன். வசந்தி கதவைத் திறந்தார், இருக்கச் சொன்னார், தேத்தண்ணி வைத்தார். என் வீட்டில் குடிக்காமல் போனவர். கோப்பையை வாங்கக் கை கூசியது.

வரும் வழியெல்லாம் பாடமாக்கி வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "தங்கச்சி, நான் ஒரு நாளும் துவக்குத் தூக்கினவன் இல்லை. கேட்டவைக்கு இல்லையெண்டு சொல்லாமல் விட்டிட்டன்."

"தெரியும் அண்ணை."

"என்னெண்டு?"

"நீங்கள் ஆசையாப் பிடிச்சியள்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "என்னிலை கோவமோ?" என்று கேட்டேன்.

"உங்களிலை இல்லை. கை மறந்திருக்குமெண்டு நினைச்சன். மறக்கேல்லை. அதுதான் அண்டைக்குப் பயந்து போனன்."

"நான் இப்ப என்ன செய்யவேணும்? சொல்லுங்கோ, செய்யிறன்."

"என்னைப் பற்றி ஆரும் கேட்டால், உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ. அது போதும்."

சின்ன வேலைதான், இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று ரிவோல்வரையும் பழம்பொருள் வியாபாரியிடமே ஒப்படைத்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிய, ஹோலில் கோப்பியோடு நின்ற நாலு பேரிடம் போய் நேரே சொன்னேன். "இஞ்சை பாருங்கோ, நான் அந்தக் காலத்திலை ஒண்டுமே செய்யேல்லை. வெடிச் சத்தம் கேட்டாக் கட்டிலுக்குக் கீழை போற ஆள் நான்."

நாலு பேரும் சிரித்தார்கள். ஒருவர் என் தோளில் தட்டினார். "அண்ணை எப்பவும் இப்பிடித்தான். உண்மையாச் செய்த ஆக்கள் வெளியிலை சொல்லமாட்டினம்!"

பாருங்கள்! பொய் சொல்ல ஒரு சிரிப்புப் போதுமாக இருந்தது. உண்மைக்கு நான் சத்தியம் பண்ணினாலும் எடுபடவில்லை.

ஆகையால்தான் எழுத்தில் தருகிறேன். நான் ஒரு நாளும் ஆயுதம் தூக்கவில்லை. ஒருவரையும் காப்பாற்றவில்லை. பத்தொன்பது வயசில் அப்பாவின் காசில் ஓடிவந்தவன். தயவுசெய்து இதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இனி என்னைக் கண்டு அந்தக் காலத்துக் கதை கேட்பவர்களுக்குக் கவராயத்தைப் பற்றி மட்டும்தான் சொல்வேன்.

இதை அனுப்ப முன்னர் வசந்திக்குத் தொலைபேசியில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். வேண்டாமென்றால் கிழித்துப் போடுகிறேன் என்றும் சொன்னேன். வாசித்து முடித்துவிட்டு ஹலோ, ஹலோ என்றேன்.

"இருக்கிறன் அண்ணை. போடுங்கோ. ஆனா ஒரு பிழை இருக்கு."

"என்ன?"

"ஆறெண்டு எழுதியிருக்கிறியள். அந்தப் பெரிசிலை அஞ்சு துளைதான்."

எண்ணிப் பார்க்க அலுமாரிப் பக்கம் திரும்பினேன்; உள்ளே கோப்பைகள்தான் இருந்தன.

"ரெண்டு வருஷமா வச்சிருந்தனீங்கள்... எண்ணிப் பாக்கேல்லையோ?" என்றார். முதல்முறையாக அவர் சிரிப்பதைக் கேட்டேன். பிறகு, "ஞாயிறு பூசை இப்பவும் பத்தரைக்குத்தானே?" என்றார்.

மேலே 'ஆறு' என்று எழுதிய இடங்களை நான் திருத்தவில்லை. இருக்கட்டும்.